ஊர் இளைஞர்களின் மனநலத்துக்கு 30,000 ரூபாயில் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை என் சொல்லில் சொல்லிக்கொள்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதி வைக்கக் கூடாது அல்லவா. டெல்டாப் பக்கம் ஐந்நூறு வீடுள்ள கிராமம். மூன்று மாதத்துக்கு முன் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உங்கள் இளைஞர் நற்பணி மன்றத்தில் பொங்கல் விளையாட்டுப் போட்டிச் செலவு போக 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்து ஒருநாள் விழிப்புணர்வு நிகழ்ச்சி வைக்கலாமா, அல்லது அந்தப் பையன் பெயரில் நினைவுக் கோப்பை கிரிக்கெட் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இன்னொருத்தன் போயிடக் கூடாது சார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். நினைவுக் கோப்பை ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நல்லெண்ணமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஒரு இளைஞரின் தற்கொலைக்குப் பிறகு அதே வயதுக்காரர்களிடம், அதே ஊரில், அதே நட்பு வட்டத்தில் அது தொற்றக்கூடும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட விஷயம். நம் ஊர்களில் அந்தத் தொற்றுக்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம். நாற்சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்: ஆளுயரப் படம், கூலிங் கிளாஸ், மேகத்தில் இறக்கையோடு நிற்பது போல ஒரு எடிட், கீழே "உன் நினைவில் வாடும்" என்று பதினைந்து பாஸ்போர்ட் படங்கள். போதாததற்கு சோகப் பாட்டு போட்ட ரீல்ஸ். தன்னை யாரும் மதிப்பதில்லை என்று உள்ளுக்குள் நொந்துபோயிருக்கும் இன்னொரு பையன் அந்த ஃப்ளெக்ஸில் என்ன படிப்பான்? செத்தால் இந்த ஊர் என்னையும் திரும்பிப் பார்க்கும் என்றுதான். ஆகவே ஃப்ளெக்ஸ் இன்னும் இருந்தால் வீட்டாரிடம் பக்குவமாகப் பேசி இறக்கிவிடுங்கள். போட்டியை மன்றத்தின் பெயரிலேயே நடத்துங்கள். துக்கம் விசாரிப்பது, வருஷத் திதிக்குப் போய் நிற்பது, அம்மாவுக்கு ரேஷன் வாங்கிக் கொடுப்பது இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். எப்படி இறந்தார் என்ற விவரத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவதையும், "அந்தப் பொண்ணாலதான்" என்று யாரையாவது கைகாட்டுவதையும் நிறுத்துங்கள். அப்படிக் கைகாட்டப்படும் பெண்ணும், கடைசியாக அவரோடு பேசிய நண்பரும், தம்பி தங்கைகளும்தான் இப்போது உங்கள் ஊரில் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

பேச்சாளர் விஷயம். ஒருநாள் மேடைப் பேச்சு தற்கொலையைக் குறைத்தது என்று காட்டிய நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. "உன்னால் முடியும், எழுந்து வா" என்பது நன்றாக இருப்பவனுக்கு உற்சாகம். மனச்சோர்வில் எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவனுக்கு அது இன்னொரு குற்றப்பத்திரிகை. எது உதவியது என்று பார்த்தால், நம்ம சென்னையும் கொழும்பும் இடம்பெற்ற ஒரு ஆய்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்தி 2008இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்து பிழைத்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதிக்கு அதோடு, வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். பிறகு ஒன்பது முறை போனிலோ நேரிலோ தொடர்பு கொண்டார்கள். 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள். அப்புறம் 4, 6, 12, 18ஆம் மாதங்கள். அவ்வளவுதான். பதினெட்டாம் மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். இது முயன்று பிழைத்தவர்களைப் பற்றியது. ஊரில் உள்ள எல்லா இளைஞர்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மன்றத்தின் வேலை மேடை போடுவதா, விடாமல் விசாரிப்பதா என்று கேட்டால், விசாரிப்பதுதான் என்று சொல்ல எனக்கு இது போதும்.

யார் விசாரிப்பது? நான்கு முதல் ஆறு பேர் போதும், அதில் பாதி பெண்கள். மன்றத் தலைவர், கட்சிப் பொறுப்பாளர், டியூஷன் வாத்தியார் இவர்களைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். பீகாரில் நாளந்தா மாவட்டத்துப் பள்ளிகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2018இல் வெளியானது. மனநலம், வன்முறை, பள்ளிச் சூழல் எல்லாம் சேர்ந்த ஒரே திட்டத்தை ஒரு பிரிவுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். இன்னொரு பிரிவில் பயிற்சி பெற்ற சாதாரண வெளியாட்கள் நடத்தினார்கள். வெளியாட்கள் நடத்திய இடத்தில் மனச்சோர்வும் கொடுமைப்படுத்துதலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் பலன் தெரியவில்லை. ஆசிரியர்கள் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. மார்க் போடுகிறவரிடமும், அப்பாவிடம் போட்டுக்கொடுக்கக்கூடியவரிடமும் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை என்பதே என் வாசிப்பு. அதிகம் பேசாத, ரகசியம் காக்கும், குடிக்காத ஒரு அண்ணன், சுய உதவிக் குழுவில் எல்லாரும் நம்பும் ஒரு அக்கா என்று பாருங்கள். இவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரையோ மனநல சமூகப் பணியாளரையோ கேட்கலாம்; மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். இரண்டு அரைநாள் போதும். பார்ப்பது, கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடுவது, இந்த மூன்றைத் தாண்டிப் போகாத பயிற்சியாக இருக்கட்டும். இரண்டு அரைநாளில் யாரும் கவுன்சிலர் ஆகிவிட மாட்டார்கள், ஆகவும் கூடாது.

இடத்துக்கு "மனநல மையம்" என்று போர்டு மாட்டினால் ஒரு ஈ காக்கா வராது. வாலிபால் கிரவுண்ட், ஊர்ப்புற நூலகம், கோயில் மண்டபத் திண்ணை, ஏற்கெனவே கூடும் இடமே போதும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஆறு மாதம் தவறாமல். நாலாவது வாரம் இரண்டு பேர்தான் வந்திருப்பார்கள். அங்கேதான் பெரும்பாலான ஊர்களில் இது நின்றுபோகிறது. நிறுத்தாதீர்கள். பெண்பிள்ளைகள் கிரவுண்டுக்கு வர மாட்டார்கள். அவர்களுக்குத் தனி இடமும் தனி நேரமும் வேண்டும், இருட்டுவதற்கு முன் வீடு திரும்பும்படி. தையல் வகுப்போ, டிஎன்பிஎஸ்சி படிப்பு வட்டமோ என்று வீட்டில் சொல்லிவிட்டு வரக்கூடியதாக இருந்தால்தான் தொடர்ந்து வர முடியும். இதை யோசிக்காமல் ஆரம்பித்தால் உங்கள் திட்டம் பையன்கள் திட்டமாக மட்டுமே நின்றுவிடும்.

எதைக் கவனிப்பது என்பதில் ஒரு எளிய அளவு சொல்கிறேன்: மாற்றமும் காலமும். எப்போதும் அமைதியாக இருப்பவன் அமைதியாக இருப்பது பிரச்சினை இல்லை. தினமும் ஐந்து மணிக்கு கிரவுண்டில் நிற்பவன் இரண்டு வாரமாக வரவில்லை, விடிய விடிய முழித்துவிட்டுப் பகலில் தூங்குகிறான், சாப்பாடு குறைந்துவிட்டது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்றால் அது கவனிக்க வேண்டியது. இளவயது மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, கோபமாகத்தான் வரும். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சந்தேகம், தனியாகச் சிரிப்பது, காதில் குரல் கேட்கிறது என்பது, நாட்கணக்கில் தூக்கமே இல்லாமல் அலைவது, இவை வேறு வகை. கடுமையான மனநோய்கள் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவக் கடைசியிலும் இருபதுகளிலும்தான். இதற்குத் திண்ணைப் பேச்சு மருந்தில்லை, டாக்டரிடம் போக வேண்டும். வீட்டார் "காத்து கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் சண்டை போடாதீர்கள். சண்டை போட்டால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். "கோயிலுக்கும் போங்க, ஜிஎச்சுக்கும் ஒருதடவை போய்ட்டு வந்துடலாம், நான் கூட வர்றேன்" என்பது வேலை செய்யும். ஏர்வாடி தர்காவிலேயே வழிபாட்டோடு மருத்துவமும் கொடுக்கும் "தவா-துவா" திட்டத்தை அரசு நடத்துவது இதே காரணத்துக்காகத்தான்.

பேச்சைத் தொடங்குவதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். "என்னடா டல்லா இருக்க, லவ் ஃபெயிலியரா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டால் அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். தனியாக, நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ, முகத்துக்கு நேர் முகம் பார்க்காத நிலையில் கேளுங்கள்: "ரெண்டு வாரமா உன்னைக் காணோம். ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு. என்னாச்சு?" அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டம். "இதெல்லாம் ஒரு விஷயமா", "எங்க காலத்துல", "அம்மாவ நெனச்சுப் பாரு" மூன்றும் கூடாது. அம்மாவை நினைத்துத்தான் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பான்.

சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா? செத்துடலாம்னு யோசிச்சியா?" கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்கின்றன. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் நிம்மதிதான். "ஆமாம்" என்று சொன்னால், எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், ஒரு இரவுக்குக்கூட. அவர் நினைத்து வைத்திருக்கும் பொருளை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் அவர் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் எந்தக் கை வைத்தியமும் செய்யாமல் 108. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்வேன், யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லிவிடுவது நேர்மை. இன்னொரு விதிவிலக்கும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் பாலியல் தொந்தரவைச் சொன்னால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் அடுத்து என்ன என்று வழி சொல்வார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கும் வேலையே கூடாது.

முயன்று பிழைத்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "வயித்து வலி" என்று சொல்லி மறைக்கிற வழக்கம் நம்மிடம் நிறைய. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதோடு, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை மிரட்டிக் காரியம் சாதிக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் விசாரணைக்கு ஆள் வரலாம், அது நடைமுறை. ஆனால் மறைத்தால் மனநல மருத்துவர் அவரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கிருந்து தொடங்க வேண்டியதுதான் மேலே சொன்ன ஒன்பது முறை விசாரிப்பு.

டெல்டா ஊர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: பூச்சிமருந்து. அதைக் கைக்கெட்டாமல் செய்வதற்கு உள்ள ஆதாரம், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட வலுவானது. இலங்கை 1990களிலிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. தற்கொலை விகிதம் அதன் உச்சத்திலிருந்து சுமார் 70 சதவீதம் இறங்கியது. அங்கே குடும்பச் சண்டையும் காதல் தோல்வியும் கடனும் 70 சதவீதம் குறைந்துவிட்டதா என்ன? இளவயதில் அந்த வேகம் பல நேரம் சில நிமிடம், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், தற்கொலைத் தடுப்பில் வேலை செய்யும் சென்னை "சினேகா" அமைப்பு பொதுவான பூச்சிமருந்துச் சேமிப்பறை ஒன்றைச் சோதித்துப் பார்த்தது: ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டுப் பெட்டி, பார்த்துக்கொள்ள ஒரு ஆள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பெட்டி கொடுப்பது வேறு விஷயம். இலங்கையிலேயே அதைப் பெரிய அளவில் செய்து பார்த்ததில் பலன் தெரியவில்லை. பெட்டி வீட்டிலேயே இருக்கும், சாவி ஆணியில் தொங்கும், சில நாளில் பூட்டே போட மாட்டார்கள். அதனால் முடிந்தால் ஊருக்கு வெளியே, களத்துமேட்டிலோ கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ ஒரே அறை. முடியாவிட்டால் குறைந்தபட்சம், மிச்ச மருந்தை அடுப்படிப் பரணில் வைக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். தேவைக்கு மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

அரசு ஏற்பாடுகள் நீங்கள் நினைப்பதைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பல தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். அந்தக் கிழமை தெரியாமல் போய்த் திரும்பி வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதல் முறை துணைக்கு ஒருவர் போங்கள். மாத்திரை எழுதினால், மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், வயிற்றுப் புரட்டலும் தலைவலியும் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும் என்பதை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். இது தெரியாமல்தான் பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். அவை தூக்க மாத்திரை அல்ல, போதை போல அடிமைப்படுத்துவதும் இல்லை. ஆனாலும் நிறுத்துவதை டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். போனில் பேச 14416, இருபத்துநாலு மணி நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னை சினேகாவின் எண் 044-24640050. உங்கள் குழுவில் எல்லாரும் ஒருமுறை 14416க்கு அழைத்து, எந்த எண்ணை அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பழகிக்கொள்ளுங்கள். நெருக்கடியில் இருப்பவர் முன் தடுமாறக் கூடாது.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. தியானம், மூச்சுப் பயிற்சியை எல்லாருக்கும் வகுப்பெடுப்பது: இங்கிலாந்தில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் செய்து 2022இல் வெளியான ஆய்வில் வழக்கமான பாடத்தைவிட அது மேலாக இல்லை. விரும்புகிறவர் செய்யட்டும், மன்றத்தின் பணம் அதற்கு வேண்டாம். செல்போனைப் பிடுங்குவது: போனுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருந்தாலும் எது காரணம், எது விளைவு என்பதில் ஆராய்ச்சியாளர்களே ஒத்துப்போவதில்லை. தூக்கம் கெடுவது கெடுதல் என்பதில் மட்டும் இரண்டாம் கருத்தில்லை, அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் கட்டிலுக்கு வெளியே என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். விளையாட்டு நல்லது, மிதமான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவுகிறது. ஆனால் தோற்றவனைக் கேலி செய்யும் அணியில் அவனைச் சேர்ப்பது எதிர்மறையாகப் போகும். ஊரில் எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்து யாருக்கு மனச்சோர்வு என்று கணக்கெடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். கண்டுபிடித்தபின் எங்கே அனுப்புவது என்ற ஏற்பாடு இல்லாமல் கணக்கெடுத்தால் மிஞ்சுவது பட்டப்பெயர்தான். இதே காரணத்துக்காக, யாருடைய பெயரையும் நோட்டில் எழுதாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இறந்த பையனுக்கு என்ன நோய் இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி நான் எதுவும் சொல்வது சரியாகாது.

பணத்தைப் பற்றி: இந்த வேலையில் காசு செலவாகும் இடங்கள் குறைவு. ஜிஎச்சுக்குப் போய்வர பஸ், ஆட்டோ செலவுக்கு ஒரு பத்தாயிரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். இந்த நானூறு ஐந்நூறு ரூபாய் இல்லாமல்தான் பல பேர் இரண்டாவது தடவை போவதில்லை. வாராவாரக் கூடுகைக்கு டீ, பந்து, வலை என்று ஐந்தாறாயிரம். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, டீக்கடைச் சுவரில் 14416ஐப் பெயிண்டால் எழுத இரண்டாயிரம். எண்ணோடு "எந்த நேரமும் பேசலாம், இலவசம்" என்ற ஒரு வரி போதும், தூக்குக் கயிறு, விஷப் பாட்டில் படமெல்லாம் வரைய விடாதீர்கள். மீதியைச் சேமிப்பறைக்கு வையுங்கள், ஊராட்சியையும் கூட்டுறவுச் சங்கத்தையும் கேட்டால் இடம் கிடைக்கலாம்.

மே மாதம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வரும். அன்றைக்கும் மறுநாளும் உங்கள் ஆறு பேரும் ஊரில் இருக்க வேண்டும், கல்யாணம் காட்சி என்று வெளியூர் போய்விடக் கூடாது. பரீட்சை எழுதியிருக்கும் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மார்க் எவ்வளவு என்று கேட்காமல், "சாப்பிட்டியா, சாயங்காலம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். தவறியவர்களுக்குச் சில வாரத்திலேயே துணைத்தேர்வு உண்டு; விண்ணப்பிக்கும் தேதியும் கட்டணமும் எழுதிய ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, பள்ளிக்குக் கூடவே போங்கள். அதற்கு முன் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாலுகா மருத்துவமனைக்கு நேரில் போய், மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், ஓபி சீட்டு எத்தனை மணி வரை கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். திரும்பும் வழியில் அந்தப் பையனின் நண்பர்கள் மூன்று பேர் வீட்டிலும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.